தலை ஒன்று, பிறந்த வீடு வேறு

ஒரே எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்கள் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்ட கேள்விகள் இந்த இதழில் இடம்பெறுகின்றன. சொற்களை ஒலிப்படி தமிழிலேயே எழுதியிருக்கிறோம். எழுத்துக்கூட்டல் தேவைப்படும் இடங்களில் மட்டும் எழுத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறோம்.

புதுச்சேரி விடுதிப் பலகைகளில் ‘அக்காமடேஷன்’ என்ற சொல்லைப் பல விதமாகப் பார்க்கிறேன். ஒரு பலகையில் சி ஒன்றுதான் இருக்கிறது, இன்னொன்றில் எம் ஒன்றுதான் இருக்கிறது. எது சரி? — வாசகி, முத்தியால்பேட்டை

சி இரண்டு, எம் இரண்டு. இதை வெறும் மனப்பாடமாக வைத்தால் நாலு நாளில் நழுவிவிடும். பிரித்துப் பார்த்தால் நிற்கும். லத்தீனில் ‘அட்’ என்றால் ‘ஒன்றை நோக்கி’, ‘காம்’ என்றால் ‘சேர்ந்து’, ‘மோடுஸ்’ என்றால் ‘அளவு’. இந்த மூன்றும் சேர்ந்துதான் இந்தச் சொல். ‘அட்’டின் டி, அடுத்து நிற்கும் சி-யைத் தொட்டதும் தானும் சி ஆகிவிட்டது. முதல் இரட்டை அப்படி வந்தது. ‘காம்’ எம்-இல் முடிகிறது, ‘மோடுஸ்’ எம்-இல் தொடங்குகிறது. இரண்டாவது இரட்டை அதனால் வந்தது.

இது நமக்குப் புதிதல்ல. நல் + நாள் நன்னாள் ஆகிறது, பல் + பொடி பற்பொடி ஆகிறது. வருகிற எழுத்தைப் பார்த்து நிற்கிற எழுத்து மாறும் புணர்ச்சிதான் லத்தீனிலும் நடந்திருக்கிறது. ‘அட்’ என்ற அதே துண்டுதான் அசிஸ்ட், அட்டெண்ட், அப்பியர், அரெஸ்ட், அனௌன்ஸ், அஃபெக்ட், அக்ரசிவ் எல்லாவற்றுக்கும் தலை. எல்லாமே ஏ என்ற எழுத்தில் தொடங்கி, அடுத்த எழுத்து இரட்டிக்கிறது. ‘காம்’ அதேபோல எல்-க்கு முன்னால் கலெக்ட், ஆர்-க்கு முன்னால் கரெக்ட், என்-க்கு முன்னால் கனெக்ட் என்று உருமாறும். ‘இல்லை’ என்ற பொருள் தரும் ‘இன்’ என்பதும் இல்லீகல், இம்மெச்சூர், இர்ரெகுலர் என்று மாறும்.

இந்தப் பிரிப்பால் தீரும் குழப்பங்கள் நிறைய. ‘ரெக்கமெண்ட்’ என்பது ரீ + கமெண்ட். அதனால் சி ஒன்று, எம் இரண்டு. ‘டிஸப்பியர்’ என்பது டிஸ் + அப்பியர். எஸ் ஒன்று, பி இரண்டு. ‘டிஸ்ஸாட்டிஸ்ஃபைட்’ என்பதில் டிஸ்-உக்குப் பின் எஸ்-இல் தொடங்கும் சொல் வருவதால் எஸ் இரண்டு. எழுத்துப் பிழையைக் குறிக்கும் ‘மிஸ்ஸ்பெல்’ என்ற சொல்லையே பலர் ஒரே எஸ் போட்டுப் பிழையாக எழுதுகிறார்கள். அது மிஸ் + ஸ்பெல், ஆகவே எஸ் இரண்டு வேண்டும்.

விதி எல்லா இடத்திலும் செல்லாது. ‘அக்ரீ’, ‘அமௌன்ட்’ இரண்டிலும் இருப்பது அதே ‘அட்’தான். ஆனால் பிரெஞ்சு வழியாக வரும்போது தேய்ந்து ஒற்றை எழுத்தாகிவிட்டது. ‘அபார்ட்மென்ட்’டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே பி. ‘அக்ராஸ்’ என்பது க்ராஸ் என்ற சொல்லின் முன் ஏ சேர்ந்தது. அங்கே இரட்டிக்க எதுவும் இல்லை, அதனால் சி ஒன்றே.

பலகை எழுதக் கொடுப்பவர்கள் சொல்லை ஐந்து துண்டாக எழுதிக் கொடுங்கள்: ஏசி, சிஓஎம், எம்ஓ, டிஏ, டிஐஓஎன். விடுதிப் பலகை ‘ஏசி’யில் தொடங்குகிறது என்று நினைவு வைத்தால் முதல் சி தவறாது.

எங்கள் பக்கம் முந்திரிதான் காசு தரும் பயிர். அதனால்தான் அதற்கு ‘கேஷ்’ சேர்த்து ‘கேஷ்யூ’ என்று பெயர் வந்ததா? கேஷியர், கேஷ்மியர் எல்லாம் ஒரே குடும்பமா? — வாசகர், பண்ருட்டி

நான்கும் சேர்ந்தாற்போல அகராதியில் ஒரே பக்கத்தில் நிற்கும், ஆனால் உறவு இரண்டுக்கு மட்டும்தான்.

முந்திரி பிரேசில் நாட்டு மரம். அங்கே துப்பி மொழி பேசியவர்கள் அதை ‘அக்காஜு’ என்றார்கள். போர்த்துகீசியர் வாயில் அது ‘காஜு’ ஆயிற்று. 16-ஆம் நூற்றாண்டில் அவர்கள் மரத்தையும் பெயரையும் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியில் இன்றும் காஜுதான். ஆங்கிலத்தில் அது ‘கேஷ்யூ’ ஆனது. பணத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை. ‘கேஷ்மியர்’ காஷ்மீரின் பழைய எழுத்துக்கூட்டல், அந்த ஊர் ஆட்டு மயிரின் பெயர்.

‘கேஷ்’ என்பது பெட்டி. பிரெஞ்சில் ‘கெஸ்’, இத்தாலியனில் ‘கஸ்ஸா’. பணப்பெட்டியைக் குறித்த சொல் பின்னர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஆகிவந்தது. அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்பவர் கேஷியர்.

நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இதற்கடுத்த பதிவு. நல்ல ஆங்கில அகராதியில் ‘கேஷ்’ இரண்டு முறை வரும், தலைக்கு மேல் சின்னதாக 1, 2 என்று எண் போட்டிருக்கும். இரண்டாவது ‘கேஷ்’ நம்முடைய ‘காசு’! போர்த்துகீசியர் காசு என்ற தமிழ் நாணயத்தின் பெயரைத் தங்கள் மொழியில் ‘காஷா’ என்று எழுதினார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே சொல் என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஆங்கிலேயர் அதைக் கீழை நாடுகளின் சிறு செப்புக் காசுகளுக்கெல்லாம் பெயராக்கினார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கணக்கு இப்படி ஓடியது: 80 காசு 1 பணம், 42 பணம் 1 வராகன். ஒரு வராகனுக்கு 3360 காசு. ‘பணம்’ அவர்கள் ஏட்டில் ‘ஃபனம்’ ஆனது. கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையைக் கம்பெனி 1690-இல் வாங்கியபோது இந்தப் பகுதியில் புழங்கியதும் காசு, பணம், வராகன்தான்.

ஆக, இன்று வங்கிச் சீட்டில் இருக்கும் ‘கேஷ்’ ஐரோப்பியப் பெட்டி, பழைய கம்பெனிக் கணக்கேட்டில் இருக்கும் ‘கேஷ்’ தமிழ்க் காசு. இரண்டையும் ஒன்றாக்கி, வங்கியின் ‘கேஷ்’ தமிழிலிருந்து போனது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. இன்னொரு கண்ணியும் உண்டு. பழைய ராணுவச் செய்திகளில் ஓர் அதிகாரி ‘கேஷியர்ட்’ என்று வந்தால் பணம் வாங்கினார் என்று படித்துவிடாதீர்கள், அவமானத்தோடு பதவி பறிக்கப்பட்டார் என்று பொருள். அது ‘உடை, ரத்து செய்’ என்ற பொருளுள்ள வேறொரு வினையிலிருந்து டச்சு மொழி வழியாக வந்தது.

பரங்கிப்பேட்டைக்குப் பழைய பெயர் போர்ட்டோ நோவோ. போர்ட், போர்ட்டர், போர்ட்டபிள், போர்ட்டிகோ, போர்ஷன் எல்லாவற்றிலும் துறைமுகம் இருக்கிறதா? — கல்லூரி மாணவர், பரங்கிப்பேட்டை

போர்ட்டோ நோவோ என்பது போர்த்துகீசியத்தில் ‘புதுத் துறைமுகம்’. அதில் இருக்கும் சொல்லுக்கு லத்தீன் மூலம் ‘போர்ட்டுஸ்’, துறை. ஏர்போர்ட், பாஸ்போர்ட், போர்ச்சுகல் என்ற நாட்டின் பெயர் எல்லாம் இந்தத் துறையைச் சேர்ந்தவை. ‘போர்ட்டா’ என்றால் வாசல். வீட்டு முகப்பில் தூண் வைத்துக் கட்டும் போர்ட்டிகோ இந்தக் கிளை. ‘போர்ட்டாரே’ என்றால் சுமப்பது. போர்ட்டபிள், எக்ஸ்போர்ட், இம்போர்ட், டிரான்ஸ்போர்ட், ரிப்போர்ட் எல்லாம் இதிலிருந்து வந்தவை. துறை, வாசல், சுமத்தல் மூன்றும் அடியில் ‘கடந்து போதல்’ என்ற ஒரே பழைய வேரில் முளைத்தவை என்பது மொழியியலாளர் கருத்து.

போர்ட்டர் என்பதில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ரயில் நிலையத்தில் பெட்டி தூக்குபவர் சுமக்கிற கிளை, பெரிய கட்டடங்களில் வாயில் காப்பவர் வாசல் கிளை.

வெளியாட்களும் இரண்டு உண்டு. வாடகைக்கு விடும் ‘போர்ஷன்’ லத்தீன் ‘போர்ட்டியோ’, அதாவது பங்கு. ‘போர்ட்ரெய்ட்’ என்பதில் முதல் துண்டு ‘போர்ட்’டே அல்ல. அது ‘ப்ரோ’, வெளியே. வெளியே இழுத்துக் காட்டுவது, அதாவது தீட்டிக் காட்டுவது என்று பொருள். எழுத்துகள் இடம் மாறியதால் துறைமுகம் போலத் தெரிகிறது.

அம்மாவின் பரிசோதனைச் சீட்டில் ‘ஹைப்போதைராய்டு’ என்று இருந்தது. உறவினர் ‘ஹைப்பர்’ என்று படித்துவிட்டு வேறு உணவு சொல்லிவிட்டார். எப்படி மறக்காமல் வைத்துக்கொள்வது? — வாசகி, லாஸ்பேட்டை

கிரேக்கத்தில் ‘ஹைப்பர்’ மேல், ‘ஹைப்போ’ கீழ். ‘ஹைப்போ’வும் ‘லோ’வும் ஒரே ஒலியில் முடிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள், போ என்றால் லோ. தோலுக்குக் கீழே போடும் ஊசி ஹைப்போடெர்மிக். ரத்த அழுத்தம் மேலே போனால் ஹைப்பர்டென்ஷன், கீழே போனால் ஹைப்போடென்ஷன்.

தைராய்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, உங்கள் உறவினர் தடுமாறியது அதனாலும் இருக்கலாம். ஹைப்போ என்றால் தைராய்டு சுரப்பு குறைவு. ஆனால் சீட்டில் பெரும்பாலும் டிஎஸ்ஹெச் என்ற எண்தான் கண்ணில் படும். அது தைராய்டைத் தட்டி எழுப்ப மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஏவல். வேலைக்காரர் மந்தமானால் ஏவல் அதிகமாகும். எனவே வழக்கமான ஹைப்போவில் அந்த எண் உயர்ந்திருக்கும், ஹைப்பரில் தாழ்ந்திருக்கும். பெரியவர்களுக்கு ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் சற்று மாறும் என்பதால் சீட்டிலேயே அச்சிட்டிருக்கும் வரம்பைப் பாருங்கள். எண் கூடியிருப்பதைக் கண்டு ‘ஹைப்பர்’ என்று முடிவு செய்வதுதான் அடிக்கடி நடக்கும் பிழை.

சர்க்கரையில் இந்த ஓரெழுத்துப் பிழை ஆபத்தானது. ஹைப்போகிளைசீமியா என்றால் ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போய்விட்டது. நினைவோடு இருப்பவருக்கு உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ‘ஹைப்பர்’ என்று கேட்டுக்கொண்டு சர்க்கரையை மறுத்தால் உயிருக்கே கேடு. தொலைபேசியில் மருத்துவரிடம் சொல்லும்போது ஹைப்பர், ஹைப்போ இரண்டையும் விட்டுவிட்டு, எண்ணைச் சொல்லுங்கள்.

அணிந்துரைக்கு ‘ஃபார்வர்டு’ என்று போட்டு நூல் அச்சாகிவிட்டது. தவறா? — வாசகர், வில்லியனூர்

தவறுதான். ‘ஃபோர்’ என்பது முன், ‘வேர்ட்’ என்பது சொல். நூலுக்கு முன் நிற்கும் சொல், அதாவது முன்னுரை. அதில் ஃபோர் முடிவில் இ உண்டு, கடைசியில் ‘வேர்ட்’ முழுதாக இருக்கும். நீங்கள் போட்டது ‘முன்னோக்கி’. அடுத்த பதிப்பில் திருத்திவிடுங்கள்.

எங்கள் கடை மஞ்சக்குப்பத்தில். ‘இன்டர்ஸ்டேட்’, ‘இன்ட்ராஸ்டேட்’ என்று ஜிஎஸ்டி பில்லில் வருவதில் எது எது? — வாசகர், மஞ்சக்குப்பம்

‘இன்டர்’ என்றால் இரண்டுக்கு இடையே. ‘இன்ட்ரா’ என்றால் ஒன்றுக்குள்ளே. ரத்தக் குழாய்க்குள் ஏற்றும் மருந்து இன்ட்ராவீனஸ், நாடுகளுக்கிடையே நடப்பது இன்டர்நேஷனல்.

உங்கள் கடையிலிருந்து சரக்கு விழுப்புரத்துக்கு அனுப்பினால் தமிழ்நாட்டுக்குள்ளேயே போகிறது. அது இன்ட்ரா, 18 விழுக்காட்டுப் பொருளுக்கு மத்திய ஜிஎஸ்டி 9, மாநில ஜிஎஸ்டி 9 என்று பிரித்துப் போட வேண்டும். அதைவிடப் பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு அனுப்பினால் இன்டர். ஒருங்கிணைந்த ஜிஎஸ்டி 18 என்று ஒரே வரி. தொலைவு இதில் கணக்கே இல்லை. வாங்குபவரின் ஜிஎஸ்டி எண்ணில் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: 33 தமிழ்நாடு, 34 புதுச்சேரி. சரக்கு எங்கே போய் இறங்குகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். புதுச்சேரிக் கடைக்காரர் காரைக்காலுக்கு அனுப்பினால் லாரி தமிழ்நாட்டைக் கடந்துதான் போகும். ஆனாலும் இரண்டும் ஒரே ஆட்சிப் பகுதி, ஆகவே இன்ட்ரா. மாற்றிக் கட்டிவிட்டால் சரியான வரியை மறுபடி செலுத்திவிட்டு, முன்பு கட்டியதைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தலையெழுத்தில் ஒரு தனிச் சொல்: ‘இன்டர்மென்ட்’ என்றால் உடலை அடக்கம் செய்தல். அது இன் + டெர்ரா, மண்ணுக்குள். நடுவே ஓர் என் கூடி ‘இன்டர்ன்மென்ட்’ ஆனால் ஆளைக் காவலில் வைத்தல். இரங்கல் அட்டை அச்சிடுபவர்கள் அந்த என்-ஐக் கவனியுங்கள்.

சிப்காட் சாலையில் போகும் டேங்கர் லாரிகளில் ‘இன்ஃப்ளேமபிள்’ என்று இருக்கிறது. ‘இன்’ என்றால் ‘இல்லை’தானே, அப்படியானால் தீப்பிடிக்காததா? — பள்ளி மாணவி, கடலூர் முதுநகர்

பிடிக்கும், மிக எளிதாகப் பிடிக்கும். தள்ளியே நில்லுங்கள்!

லத்தீனில் ‘இன்’ இரண்டு உண்டு. ஒன்று ‘இல்லை’, மற்றது ‘உள்ளே, உட்படுத்து’. இங்கே இருப்பது இரண்டாவது, தீக்கு உட்படுத்துதல். உடம்பில் வரும் ‘இன்ஃப்ளமேஷன்’ அதே சொல்தான். தமிழிலும் அதை அழற்சி என்கிறோம், அழல் என்றால் தீ. உங்களுக்கு வந்த சந்தேகம் பலருக்கும் வரும், வந்தால் உயிர் போகும் என்பதால் அமெரிக்கத் தீப்பாதுகாப்பு வல்லுநர்கள் 1920-களிலேயே ‘இன்’னை எடுத்துவிட்டு ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதச் சொன்னார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே. தீப்பிடிக்காதது ‘நான்-ஃப்ளேமபிள்’.

சொல்லைவிட உறுதியானது லாரியில் உள்ள எண் பலகை. 1203 என்றால் பெட்ரோல், 1202 டீசல், 1075 சமையல் எரிவாயு. விபத்து நடந்தால் தீயணைப்புத் துறையிடம் தூரத்திலிருந்தே அந்த நான்கு இலக்கத்தைச் சொன்னால் போதும்.

‘இன்வேல்யுவபிள்’ மதிப்பற்றது அல்ல, மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது. ‘இன்ஃபேமஸ்’ புகழில்லாதவர் அல்ல, கெட்ட பெயரால் எல்லோருக்கும் தெரிந்தவர்.

‘பைமன்த்லி’ என்றால் மாதம் இருமுறையா, இரு மாதத்துக்கு ஒருமுறையா? — வாசகர், நெல்லிக்குப்பம்

அகராதி இரண்டையும் ஒப்புகிறது, அதனால்தான் அந்தச் சொல்லையே தவிர்ப்பது நல்லது. தமிழ்நாட்டில் வீட்டு மின் கட்டணம் இரு மாதத்துக்கு ஒருமுறை. கடிதத்தில் ‘எவ்ரி டூ மன்த்ஸ்’ என்று விரித்து எழுதுங்கள். ஆண்டுக்கணக்கில் மட்டும் வேறுபாடு தெளிவு: ‘பையானுவல்’ ஆண்டுக்கு இருமுறை, ‘பையெனியல்’ இரண்டாண்டுக்கு ஒருமுறை. பிஸ்கட்டிலும் இந்த இரண்டு உண்டு, இருமுறை சுட்டது என்று பொருள். ‘பயாலஜி’யில் இல்லை, அங்கே ‘பயோ’ என்பது உயிர்.

பிரெஞ்சில் ‘சூர்’ என்றால் ‘மேல்’. ஆங்கிலத்தில் எஸ், யூ, ஆர் என்று தொடங்குவதெல்லாம் அதுதானா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், முதலியார்பேட்டை

பெரும்பாலும் அதுவே. சர்சார்ஜ் மேற்கட்டணம், சர்ப்ளஸ் மேல்மிச்சம், சர்ஃபேஸ் மேல்முகம், சர்நேம் பெயருக்கு மேல் சேர்ந்த பெயர். ‘சர்வே’ மேலிருந்து பார்ப்பது. அதையே லத்தீன் வடிவில் சொன்னால் ‘சூப்பர்வைஸ்’. ஒரே சொல் இரண்டு வழியாக வந்து ஒன்று நில அளவையாகவும், ஒன்று மேற்பார்வையாகவும் ஆகிவிட்டது. ‘சரவுண்ட்’ என்பதில் ‘ரவுண்ட்’, அதாவது வட்டம், இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது சூப்பர் + உண்டா, அலை மேலேறி வழிதல். கெடிலம் கரை புரண்டு ஊரைச் சூழும்போது அந்தச் சொல்லின் முதற்பொருள் கண்முன் தெரியும்.

சேராதவை மூன்று. ‘ஷ்யூர்’ என்பது செக்யூரிலிருந்து தேய்ந்தது. வாடகைத்தாயைக் குறிக்கும் ‘சரகேட்’ என்பதன் தலை ‘சப்’. ஆர்-க்கு முன் பி மறைந்து ஆர் ஆகிவிட்டது, முதல் கேள்வியில் பார்த்த அதே புணர்ச்சி. ‘சர்ஜன்’ கிரேக்கத்திலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவர்: ‘கெய்ர்’ கை, ‘எர்கோன்’ வேலை. நீங்கள் அறிந்த பிரெஞ்சு ‘ஷிருர்ஜியன்’ அந்தக் கையை இன்னும் தெளிவாகக் காட்டும்.

கேட்டலாக், கேட்டரேக்ட், கேட்டஸ்ட்ரோஃபி, கேட்டமரான். நாலும் சி, ஏ, டி, ஏ. நாலாவது நம் கட்டுமரம் என்கிறார்களே, அப்படியானால் மற்ற மூன்றிலும் ‘கட்டு’ இருக்கிறதா? — வாசகர், தேவனாம்பட்டினம்

இல்லை. மற்ற மூன்றிலும் இருப்பது கிரேக்க ‘கட்டா’, கீழே. கேட்டஸ்ட்ரோஃபி கீழே புரட்டிப்போடுவது. கேட்டரேக்ட் கீழே பாய்வது. முதலில் அருவிக்குத்தான் பெயர், பிறகு கண்ணில் விழும் புரைக்கும் ஆயிற்று. கேட்டலாக் என்பதில் ‘கீழே’ என்பது முழுமையாக, ஒன்று விடாமல் என்ற பொருளுக்கு நகர்ந்தது: ஒன்றுவிடாமல் எடுத்து அடுக்கிய பட்டியல். நீர்க்கோப்பைச் சொல்லும் ‘கட்டார்’ கீழே ஒழுகுவது.

கேட்டமரான் மட்டும் தமிழ். 17-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ஆங்கிலப் பயண நூல்களில் அது ஏறிவிட்டது. ஆனால் பொருள் மாறிப்போனது. இங்கே அது இலேசான மரத்தடிகளை ஒன்றோடொன்று கயிற்றால் இறுக்கிக் கட்டியது. உள்ளே குழிவு கிடையாது. அலை மேலே ஏறினாலும் இடுக்கு வழியே நீர் வழிந்துவிடும், மூழ்காது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து, தடிகளைத் தனித்தனியே காயப் போடலாம். ஆங்கிலத்தில் இன்று கேட்டமரான் என்றால் இரண்டு தனி உடல்களை மேல்தளத்தால் இணைத்த படகு. அந்த அமைப்பு பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணியைச் சேர்ந்தது. கட்டுமரத்துக்கு அப்படி இரண்டு உடல் கிடையாது. ஆகவே தேர்வில் ‘கேட்டமரான் தமிழ்ச்சொல்லா’ என்று கேட்டால் ஆம் என்று எழுதுங்கள். ‘இரட்டை உடல் படகு தமிழர் அமைப்பா’ என்று கேட்டால் அது வேறு கேள்வி, கட்டுமரத்தைக் காட்டி அதற்கு ஆம் சொல்ல முடியாது.